வாசகர் கேள்வி–பதில்: ஜார்ஜ் யங் என்ற தடுப்புச் சுவர்

சென்ற இதழில் கால்பந்துத் தடுப்பாட்டம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 1940, 50களில் ஆடிய ஸ்காட்லாந்து வீரர் ஜார்ஜ் யங்கின் பெயரை ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷமாக இருக்கிறது. அதனால் இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றியும் அவர் காலத்து ஆட்டத்தைப் பற்றியும்தான்.

கேள்வி: பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, யார் சார் இந்த ஜார்ஜ் யங்?

1922 அக்டோபரில் கிரேஞ்ச்மவுத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். முதலில் ஆடியது கிர்க்கின்டிலாக் ராப் ராய் என்ற 'ஜூனியர்' கிளப்பில். ஜூனியர் என்றதும் பள்ளிப் பையன்கள் ஆடுவது என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்காட்லாந்தில் அது வளர்ந்த ஆண்களே ஆடிய தனி அடுக்காக இருந்தது, முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போனது. அங்கிருந்து 1941ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1957ல் விலகும்வரை வேறு கிளப் பக்கமே போகவில்லை.

உயரம் 6 அடி 2 அங்குலம். எடை 95 கிலோவை ஒட்டி. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தவர்கள், அவர்கள் நடுவில் இவர் நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு யாரையும் இடித்துத் தள்ளி ஆடியவர் இல்லை. நீளமான கால், பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கும் புத்தி, தலைக்கு மேலே வரும் எதையும் விடாத தலை, இவைதான் அவர் சொத்து. பின்வரிசையின் வலப்பக்கம் காக்கும் ரைட் பேக்காகவும் ஆடினார், அதன் நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃபாகவும் ஆடினார்.

ரேஞ்சர்ஸில் 6 லீக் பட்டங்கள், 4 ஸ்காட்டிஷ் கோப்பைகள், 2 லீக் கோப்பைகள். இதில் 1948–49 சீசன் தனி. அந்த ஒரே சீசனில் மூன்றையுமே வென்றார்கள், ஸ்காட்லாந்தில் அதற்கு முன் எந்த கிளப்பும் செய்யாதது. அதிலும் லீக் பட்டம் கடைசி நாளில்தான் கைக்கு வந்தது. டண்டீ அணி ஃபால்கர்க்கில் ஜெயித்தால் போதும், பட்டம் அவர்களுக்கு. அவர்கள் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு 4–1 என்று தோற்றார்கள், ரேஞ்சர்ஸ் ஆல்பியன் ரோவர்ஸை 4–1 என்று வென்று ஒரே ஒரு புள்ளியில் முந்தியது. அதே வருஷக் கோப்பை இறுதியாட்டத்தில் கிளைடு அணிக்கு எதிராக அடித்த 4 கோலில் 2 கோல் யங்கின் பெனால்டி. ஒரு பேக் இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போடுவது தினமும் நடக்கிற விஷயம் இல்லை.

நாட்டுக்காக 53 ஆட்டங்கள், அதில் 48ல் கேப்டன். 50 ஆட்டத்தைத் தொட்ட முதல் ஸ்காட்லாந்துக்காரர் இவர்தான். இன்றைய கணக்கில் 53 சின்ன எண்ணாகத் தெரியலாம். அப்போது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று அண்டை அணிகளோடு வருஷத்துக்கு மூன்று ஆட்டம், அது போக வெளிநாட்டு அணிகளோடு ஒன்றிரண்டு, அவ்வளவுதான். போர்க்கால ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் 1946 முதல் 1957 வரை அவர் எத்தனை விடாமல் ஆடியிருக்கிறார் என்பது புரியும்.

கேள்வி: ரேஞ்சர்ஸ் அணியை 'இரும்புத் திரை' என்று சொல்வார்களாமே, அதற்கும் ரஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் பெயரோடு சரி. 1946ல் சர்ச்சில், ரஷ்யாவின் பிடியில் இருந்த நாடுகளை மற்ற நாடுகளிடமிருந்து பிரித்து ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை விழுந்துவிட்டது என்று பேசினார், அந்தச் சொல் எல்லார் வாயிலும் புழங்கிக்கொண்டிருந்த சமயம். ரேஞ்சர்ஸின் பின்வரிசையைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை என்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை இவர்களுக்கே சூட்டிவிட்டார்கள். கோலில் பாபி பிரவுன், பேக்காக யங்கும் 'டைகர்' ஜாக் ஷாவும், அவர்களுக்கு முன்னால் இயன் மெக்கால், வில்லி வுட்பர்ன், சாமி காக்ஸ். மேலாளர் பில் ஸ்ட்ரத், 1920 முதல் 1954 வரை அந்தப் பொறுப்பில் இருந்த கறாரான மனிதர்.

இந்தத் திரையின் அருமை தெரிய வேண்டுமானால் எதிரில் யார் இருந்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். எடின்பரோவின் ஹிபர்னியன் அணி. கோர்டன் ஸ்மித், பாபி ஜான்ஸ்டன், லாரி ரைலி, எடி டர்ன்புல், வில்லி ஆர்மண்ட் என்று 'ஃபேமஸ் ஃபைவ்' எனப்பட்ட ஐந்து பேர் முன்வரிசை. ஸ்காட்லாந்து அதுவரை பார்த்த மிக அழகான தாக்குதல் ஆட்டம் அவர்களுடையது என்று பலர் சொல்வார்கள், நானும் அதை மறுக்கமாட்டேன். 1948ல் இந்த இரண்டு அணிகளும் கோப்பை அரையிறுதியில் மோதியபோது ஹாம்ப்டன் பார்க் மைதானத்துக்கு வந்த கூட்டம் 1,43,570 பேர். அரையிறுதிக்கு!

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது, 1952–53 சீசனுடையது. 30 ஆட்டம் முடிந்தபோது இரண்டு அணிகளும் 43 புள்ளி. ஹிபர்னியன் போட்டது 93 கோல், வாங்கியது 51. ரேஞ்சர்ஸ் போட்டது 80, வாங்கியது 39. இன்றைக்குப் போல கழித்துப் பார்த்தால் ஹிபர்னியனுக்கு 42, ரேஞ்சர்ஸுக்கு 41, பட்டம் ஹிபர்னியனுக்குத்தான் போயிருக்கும். ஆனால் அன்றைய விதி கழித்தல் இல்லை, வகுத்தல். போட்டதை வாங்கியதால் வகுக்க வேண்டும். 93ஐ 51ஆல் வகுத்தால் 1.82, 80ஐ 39ஆல் வகுத்தால் 2.05. பட்டம் ரேஞ்சர்ஸுக்கு. வகுத்தல் கணக்கில் கீழே இருக்கும் எண் சிறியதாக இருக்க இருக்க மதிப்பு ஏறும் இல்லையா, அந்தக் கீழ் எண் முழுக்க முழுக்கப் பின்வரிசைக்காரர்களின் உழைப்பு. உள்ளே போகாமல் போன பந்துகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. அந்த வருஷம் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்கள், பட்டமே அதில்தான் தீர்ந்தது.

கேள்வி: 'கார்க்கி' என்று ஏன் பட்டப்பெயர்?

ஒரு கோப்பை வெற்றியைக் கொண்டாடத் திறந்த ஷாம்பெயின் பாட்டிலின் தக்கையை எடுத்துப் பத்திரப்படுத்தி, ராசிக்காகக் கூடவே வைத்திருந்தார். தக்கைக்கு ஆங்கிலத்தில் கார்க் என்பதால் கார்க்கி ஆனார்.

கேள்வி: அவர் ஒருமுறை கோல்கீப்பராக நின்றார் என்று படித்தேன். தடுப்பாட்டக்காரர் எப்படி கோலுக்குள் போனார்?

வேறு வழி இல்லாமல்தான். அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது, ஸ்காட்லாந்து லீக்கில் அது 1966ல்தான் வந்தது. பதினோரு பேரில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டும், விழுந்தவர் கோல்கீப்பர் என்றால் மீதிப் பேரில் ஒருவர் அந்தச் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும்.

1953 ஏப்ரல் 25, ஹாம்ப்டன் பார்க், அபர்டீனுக்கு எதிரான கோப்பை இறுதியாட்டம். ரேஞ்சர்ஸ் 1–0 என்று முன்னால் இருக்கிறது. முதல் பாதி பாதியைத் தாண்டியிருக்கும்போது அபர்டீன் முன்வரிசைக்காரரின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடிக்கப்போன ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் நிவனின் தலையில் பலத்த அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். நாட்டின் கேப்டன், தடுப்பாட்டத்தில் அந்த நாட்டுக்கே பெரிய பெயர், யங், கோல்கீப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். முன்னால் நிற்க வேண்டிய இடத்தில் அவர் இல்லை, பின்னால் இருக்க வேண்டிய இடத்தில் நிவன் இல்லை, மொத்தத்தில் பத்தே பேர். சுமார் 18 நிமிடம் அப்படியே காத்தார், ஒரு கோலும் விடவில்லை. இடைவேளைக்குப் பிறகு நிவன் தையல் போட்ட தலையில் கட்டோடு திரும்பி வந்து நின்றார். ஆட்டம் 1–1 என்று முடிந்தது, நாலு நாள் கழித்து மறு ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 1–0 என்று வென்றது. அந்த மறு ஆட்டத்திலும் கோலில் நிவன்தான்.

கோப்பை ஜெயித்தவர்கள் பட்டியலில் கோல் அடித்த பெயர்கள்தான் இருக்கும். அந்த 18 நிமிடம் அங்கே எழுதப்படாது. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கேள்வி: இத்தனை பெரிய ஆட்டக்காரர் ஒரு உலகக் கோப்பையிலும் ஆடவில்லையா?

ஒன்றில்கூட இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன், ஏனென்றால் மூன்று தடவை வாய்ப்பு பக்கத்தில் வந்தது, மூன்று தடவையும் அவர் காலுக்கு எட்டாத இடத்தில் கை மாறிப் போய்விட்டது.

முதலில் 1950, பிரேசில். நான்கு அண்டை அணிகளின் போட்டியையே தகுதிச் சுற்றாக வைத்து, முதல் இரண்டு இடம் வருபவர்கள் வரலாம் என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. இதைவிடத் தாராளமான அழைப்பு இருக்க முடியாது. ஆனால் ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம், முதலிடம் வந்தால் மட்டும்தான் போவோம் என்று முன்பே அறிவித்துவிட்டது. ஸ்காட்லாந்து வட அயர்லாந்தை 8–2 என்றும் வேல்ஸை 2–0 என்றும் வென்றிருந்தது. 1950 ஏப்ரல் 15, ஹாம்ப்டனில் இங்கிலாந்தோடு கடைசி ஆட்டம். டிரா ஆகியிருந்தால்கூட முதலிடம் பங்கிடப்பட்டிருக்கும். ராய் பென்ட்லி ஒரு கோல் போட்டார், வில்லி பால்டு அடித்த பந்து கோலின் மேல் கட்டையில் பட்டுத் திரும்பியது, 0–1. இரண்டாம் இடம், தகுதி இருக்கிறது, போகமாட்டோம் என்கிறார்கள்.

இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட், எதிரணிக்காரர், அவரே யங்கிடம் போய் உங்கள் சங்கத்திடம் பேசிப் பாருங்கள் என்று தூண்டினார். யங்கும் சங்கத்திடம் மன்றாடிப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்றமாட்டோம் என்று சங்கம் உட்கார்ந்துவிட்டது. வறட்டு கௌரவம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அப்போது யங்குக்கு 27 வயது, ஒரு தடுப்பாட்டக்காரரின் மிக நல்ல வயது.

அடுத்தது 1954, சுவிட்சர்லாந்து. இந்தத் தடவை இரண்டாம் இடம் வந்தும் போனார்கள். ஆனால் 22 பேரைக் கூட்டிப்போக அனுமதி இருந்தும் 13 பேரோடு போனார்கள், அந்த 13 பேரில் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. யங் இல்லை, காக்ஸ் இல்லை. ஆஸ்திரியாவிடம் 0–1. முதல் ஆட்டத்துக்குப் பிறகு மேலாளர் ஆண்டி பீட்டி பதவி விலகிவிட்டார். இரண்டாவது ஆட்டம் அப்போதைய சாம்பியன் உருகுவேயோடு, 0–7. ஏழு கோல்! அந்தப் பின்வரிசையில் யங் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன், ஏழு போயிருக்காது என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாவது 1958. இதுதான் மனசை அதிகம் வலிக்கச் செய்வது. தகுதிச் சுற்று 1957ல் நடந்தது. மே 8ல் ஹாம்ப்டனில் ஸ்பெயினை 4–2 என்று வென்றார்கள், மே 19ல் பாசல் நகரில் சுவிட்சர்லாந்தை 2–1 என்று. இரண்டிலும் கேப்டன் யங். சீசனோடு ஓய்வு என்று சொல்லிவிட்டார், மாட்ரிட்டில் ஸ்பெயினோடு நடக்கவிருந்த ஆட்டம்தான் கடைசி என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அப்போது அணிக்கு மேலாளரே கிடையாது, சங்கத்தின் தேர்வுக் குழு உட்கார்ந்து பெயர்களை எழுதும். அந்தக் குழு மாட்ரிட் ஆட்டத்துக்கு எழுதிய பட்டியலில் யங் பெயர் இல்லை. டாமி டாக்கர்ட்டி கேப்டனாக இறங்கினார், ஆட்டத்தில் 1–4 என்று தோல்வி. பதினோரு வருஷம் ஆடிய மனிதர், அணியோடு அந்த ஊருக்கே போயிருந்தவர், வெளியே இருந்து பார்த்தார். பாசல் ஆட்டமே கடைசி என்பது அங்கே ஆடும்போது அவருக்கே தெரியாது. வயது 34. ஸ்காட்லாந்து அடுத்த வருஷம் ஸ்வீடனுக்குப் போய் ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் திரும்பியது.

இத்தனை சேவைக்கு ஒரு கடைசி ஆட்டம் கொடுத்திருக்கலாம். அதிகம் ஒன்றும் கேட்கவில்லை அவர்.

கேள்வி: வுட்பர்ன் என்று ஒருவருக்கு வாழ்நாள் தடை போட்டார்களே, அது நியாயமா?

வில்லி வுட்பர்ன் அந்த இரும்புத் திரையின் நடு ஆள், யங்குக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவர். 24 ஆட்டம் நாட்டுக்காக ஆடியவர். பந்தோடு நிதானமும் நேர்த்தியும் உள்ளவர், ஆனால் சட்டென்று கோபம் வந்துவிடும், முன்பே சில முறை தண்டனை வாங்கியிருக்கிறார். 1954 ஆகஸ்டில் ஸ்டர்லிங் ஆல்பியனோடு நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், ஏற்கெனவே தொந்தரவு இருந்த முழங்காலில் எதிராளி இடிக்க, எழுந்து போய் அவரைத் தலையால் முட்டிவிட்டார். செப்டம்பர் 14ல் விசாரணை, சில நிமிடங்களில் முடிந்தது. காலவரையறை இல்லாத தடை.

செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை, தண்டனை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதனின் பிழைப்பையே எடுத்துவிடும் முடிவை அத்தனை அவசரமாக எடுக்கக் கூடாது என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். தடையை 1957ல் நீக்கினார்கள். அப்போது வுட்பர்னுக்கு 37 வயது, திரும்பி வந்து ஆட வழியில்லை. அப்புறம் பத்திரிகைக்கு எழுதப் போய்விட்டார். ஆட்டத்தில் அவர் விட்டுப்போன இடத்துக்கு, அதாவது சென்டர் ஹாஃபுக்கு, நகர்ந்தவர் யங்தான்.

கேள்வி: அந்தக் காலத்துத் தோல் பந்தைத் தலையால் அடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அப்போதைய பந்து தோல், தைத்து, ஒரு பக்கம் கயிறு கட்டி மூடியிருக்கும். காய்ந்த பந்தின் எடை இன்றைய விதியில் இருப்பதுதான், 400 கிராமுக்கு மேல் 450க்கு உட்பட்டு. ஆனால் ஸ்காட்லாந்துக் குளிர்காலத்து மழையில் ஊறினால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது, 2019ல் வெளியானது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளை, அதே வயது, அதே மாதிரிச் சூழலில் வாழ்ந்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இதய நோயால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் குறைவு. ஆனால் மறதி நோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது சுமார் மூன்றரை மடங்கு. 2021ல் ஆடிய இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது தடுப்பாட்டக்காரர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம், ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. பந்தைத் தலையால் அடிப்பவர் யார், அடிக்காதவர் யார் என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு, எந்தத் தனி மனிதருக்கும் இதனால்தான் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தில் சிறுவர் பயிற்சியில் தலையால் அடிப்பதை 2020லேயே நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவு.

கேள்வி: கேப்டனாக 48 ஆட்டம் என்ற சாதனை இன்னும் இருக்கிறதா?

இல்லை. ஆண்டி ராபர்ட்சன் 2024ல், ஜெர்மனியில் நடந்த யூரோ கோப்பைப் போட்டி சமயத்தில் தாண்டினார். 67 வருஷம் நின்ற சாதனை. ராபர்ட்சனும் தடுப்பாட்டக்காரர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

1959ல் தேர்ட் லானார்க் அணிக்கு மேலாளரானார். கிளாஸ்கோவின் தென்பகுதியைச் சேர்ந்த பழைய கிளப், ரேஞ்சர்ஸ், செல்டிக் நிழலில் ஒதுங்கி வாழ்ந்தது. ஆயுள் முழுக்க கோல் போகாமல் தடுத்த மனிதரின் அணி எப்படி ஆடியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1960–61 சீசனில் லீக்கில் 100 கோல் போட்டு மூன்றாம் இடம் பிடித்தது! அந்தக் கிளப்புக்குக் கிடைத்த கடைசி நல்ல காலம் அது. 1962ல் யங் விலகினார். அதன் பிறகு சரிவுதான், 1967ல் கிளப்பையே மூடிவிட்டார்கள். யங் 1997 ஜனவரியில் காலமானார்.

தேர்ட் லானார்க் ஆடிய கேத்கின் பார்க் மைதானம் இன்றும் கிளாஸ்கோவில் பொதுப் பூங்காவாக இருக்கிறது. ரசிகர்கள் நின்ற படிகள் மூன்று பக்கம் அப்படியே இருக்கின்றன, படிகளுக்கு நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. புல்வெளியில் யார் வேண்டுமானாலும் இறங்கி ஆடலாம். கிளாஸ்கோ பக்கம் போகிற வாசகர் யாராவது இருந்தால் ஒரு மாலை அங்கே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.